துளைக் கட்சியின் ஏஜெண்டு

மார்ச் 4, திங்கள்

மதுரை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். செம்புக் கம்பி விற்கும் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. பட்டறையில் சும்மா கிடந்ததை என் வீட்டுக்காரி ராஜாத்தி பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். "அங்க ஒங்க பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. எழுதியாவது வைங்க" என்றாள்.

அருப்புக்கோட்டையில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். தேர்தல் வந்தால் கட்சிக்குப் பூத் ஏஜெண்டு. முப்பது வருடமாக இரண்டும் நான்தான். என் பூத்தில் ஒரு கள்ள ஓட்டு விழுந்ததாக எதிர்க்கட்சிக்காரன்கூடச் சொல்ல மாட்டான்.

தை மாதம் ஒரு மோட்டாரைத் தூக்கும்போது தலை சுற்றி விழுந்தேன். அதற்கு முன்னால் சில வாரமாக வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருந்தது. அதை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். டியூப் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் மேல்பக்கம், சோற்றுக்குழாய் வந்து சேரும் இடத்தை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. ஸ்ட்ரோமல் கட்டி என்று பெயராம்.

டாக்டரம்மா பெயர் நிலோஃபர். கீழக்கரைப் பக்கம். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் வார்டே அவருக்கு எழுந்து நிற்கிறது.

"இது உள்தோல்ல வர்ற வழக்கமான புத்துநோய் இல்லைங்க அய்யா. இரைப்பைச் சுவருக்குள்ள வளர்றது. முழுசா, உடையாம எடுத்துட்டா நல்லாருப்பீங்க. உடைஞ்சிருச்சுன்னா வயிறு பூரா வெதச்ச மாதிரி ஆயிரும்."

"கம்பி மேல இருக்கற எனாமல் பூச்சு உரியாம காயிலை உருவுற மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். காயில் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அதேதான்" என்றார். கேட்டுத் தெரிந்துகொண்டதால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மார்ச் 5, செவ்வாய்

இன்று ஆராய்ச்சி பற்றிப் பேசினார். ராஜாத்தியையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். வயிற்றைக் கீறித் திறந்து கட்டியை எடுப்பது ஒரு வழி. நாலைந்து துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, கட்டியை ஒரு பைக்குள் போட்டு வெளியே எடுப்பது இன்னொரு வழி.

"கட்டி வேற எடத்துல இருந்தா துளை போதும்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. இந்த எடத்துக்கு எது நல்லதுன்னு எங்களுக்கே உறுதியாத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது. இஷ்டம் இல்லைன்னா வேணாம்னு சொல்லலாம், வைத்தியத்துல ஒரு குறையும் இருக்காது."

கையெழுத்துப் போட்டேன்.

தெரியாதாம்! எந்த வேட்பாளராவது ஜெயிப்பேன் என்று வாயால் சொல்வாரா? மக்கள் தீர்ப்பு என்றுதான் சொல்வார். வராந்தாவில் ஒரு பெரிய டாக்டர், "அந்த எடத்துல துளை வேலையெல்லாம் சரிப்படாது, இந்தப் பொண்ணு வீணா மெனக்கெடுது" என்று போனில் பேசிக்கொண்டு போனார். அதை என் காதாலேயே கேட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. நம் டாக்டரம்மா துளைக் கட்சி. பெரிய டாக்டர் கீறல் கட்சி. தொகுதியில் கடும் போட்டி.

மார்ச் 6, புதன்

குலுக்கல் முடிந்தது. எனக்குத் துளை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் ஸ்டீபனுக்குக் கீறல். தூத்துக்குடிக்காரன், லாரி ஓட்டுகிறவன், ஏறத்தாழ எனக்கு இருக்கும் இடத்திலேயே அவனுக்கும் கட்டி.

"எதிர்க்கட்சி ஆயிட்டியேப்பா" என்றேன்.

"நமக்கு ஏது அண்ணாச்சி கட்சி? கட்டி போனாச் சரி" என்றான். இப்படிப்பட்ட ஆட்களால்தான் நாடு இப்படி இருக்கிறது.

ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு தினமும் என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம், வலி எவ்வளவு என்று எழுத வேண்டும். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் பொறுக்கவே முடியாது. அட்டையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. இது வாக்குச் சீட்டு அல்லாமல் வேறென்ன?

மார்ச் 9, சனி

உயிரோடு இருக்கிறேன். கட்டி உடையாமல் வந்துவிட்டது. அட்டையில்: வலி 2.

மார்ச் 10, ஞாயிறு

அட்டையில்: வலி 1.

எழுந்து நடக்கச் சொன்னார்கள். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, வார்டில் பினாயில் நெடி அதிகம். ராஜாத்தி, "வலிக்குதா?" என்றாள். "இது என்ன வலி, எறும்பு கடிச்ச மாதிரி" என்றேன். அவள் என் கை கம்பியைப் பிடித்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டீபன் அட்டையில் 8 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான். சொந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடும் ஒருவனை இன்றுதான் பார்க்கிறேன்.

"ஏன்ப்பா இப்படி?"

"வலிக்கி அண்ணாச்சி. வலிச்சா வேற என்னத்தை எழுத?"

உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேன்: நமக்கு ஏழு ஓட்டு முன்னிலை.

மார்ச் 11, திங்கள்

அட்டையில்: வலி 1.

நடை பழகச் சொன்னதால் பிரச்சாரத்துக்கு வசதியாகப் போயிற்று. நம் கட்சியில் இந்த மாடியில் இன்னும் இருவர். ஒருவர் உசிலம்பட்டி வாத்தியார். இன்னொருவர் மேலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அம்மா. இருவருக்கும் நிலவரத்தை விளக்கினேன். டாக்டரம்மா நம்மை நம்பித்தான் இந்தக் காரியத்தில் இறங்கியிருக்கிறார், நாம் நாலு, ஐந்து என்று எழுதிக் காலை வாரிவிடக் கூடாது என்றேன். வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்தின ஆள். யோசித்தார். பாத்திரக்கடை அம்மா உடனே புரிந்துகொண்டு, ஐந்தை அடித்து ஒன்றாக்கினார்.

சாயங்காலம் டாக்டரம்மா அட்டைகளைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"உண்மையாவே ஒண்ணுதானா அய்யா?"

"உண்மையா."

ஜெயிக்கிறவருக்குத் தன் வெற்றியை நம்பக் கொஞ்ச நேரம் ஆகும்.

மார்ச் 12, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டீபன் இன்னும் கட்டிலில்தான். "எதுனாலும் உடனே போன் பண்ணணும். காய்ச்சல், வாந்தி, தோள்பட்டையில வலி, எதுவானாலும்" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் காலையில் அவரே போன் செய்து எண்ணைக் கேட்பாராம். என்ன பொறுப்பான வேட்பாளர்!

மார்ச் 14, வியாழன்

போனில் சொன்னது: வலி பூஜ்யம்.

கஞ்சியும் ரசமும். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை, ரசத்தில் மிளகு தூக்கல். காலையிலிருந்து விக்கல். யாரோ நினைக்கிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது, பூத்துக்கு ஆள் இல்லாமல் நினைக்கத்தானே செய்வார்கள்.

மார்ச் 15, வெள்ளி

போனில் சொன்னது: வலி பூஜ்யம்.

விக்கல் நிற்கவில்லை. இடது தோள்பட்டை இழுக்கிறது. ஆஸ்பத்திரித் தலையணை அப்படி, ஊர்ப்பட்ட ஆட்கள் தலை வைத்த தலையணை. படுத்தால் இழுப்பு கூடுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தால் தேவலை. வெயில் காலத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டே தூங்குவதும் ஒரு சுகம்தான்.

மார்ச் 16, சனி

போனில் சொன்னது: வலி 1.

வெளியே அனல் அடிக்கிறது. எனக்குக் குளிர்கிறது. போர்வை கேட்டேன். ராஜாத்தி கொண்டுவந்து போர்த்திவிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

மார்ச் 18, திங்கள்

திரும்பவும் மதுரை. எழுத இன்றுதான் கை வந்தது. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் டாக்டரம்மாவின் போன். "ஒண்ணுதான்ம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் விக்கல் வந்தது. "விக்கலா? எத்தனை நாளா?" என்றார். நான் பதிலை யோசிப்பதற்குள் ராஜாத்தி போனைப் பிடுங்கினாள்.

"அம்மா, இவரு பொய் சொல்றாரு! விக்கலெடுத்து நாலு நாளாச்சு. தோளைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தே தூங்குறாரு. ஒடம்பு கொதிக்குது. கேட்டா எறும்பு கடிங்கிறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கும்மா."

கார் பிடித்து வரும் வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பல்லைக் கடித்தேன், ராஜாத்தி அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேடிக்கை. கையில் பையோடு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீபன் வீட்டுக்குக் கிளம்பி நின்றான். கீறல் கட்சி நடந்து வெளியே போகிறது, துளைக் கட்சியை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளுகிறார்கள். ஸ்டீபன் சிரிக்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்கேன் எடுத்தார்கள். தைத்த இடத்தில் ஒரு பொட்டு கசிந்து, மேல்வயிற்றில், மூச்சுத் தசைக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது. தோள் இழுத்ததும் விக்கல் எடுத்ததும் அதனால்தான். என்னை யாரும் நினைக்கவில்லை. விலாப் பக்கம் ஒரு குழாய் போட்டு சீழை வெளியே எடுத்தார்கள். போடுவதற்கு முன்னால் டாக்டரம்மா குனிந்து கேட்டார், "இப்ப வலி எவ்வளவு?"

"ஒன்பது" என்றேன். சொன்னவுடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. பினாயில் இல்லை.

மார்ச் 20, புதன்

வலி: 6. அட்டையிலும் அதுதான்.

காய்ச்சல் விட்டது. டாக்டரம்மா இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"இன்னும் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"பாத்திரக்கடை அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

சொன்னேன். அவர் எங்களை நம்பி நிற்பதாக நினைத்ததையும், வராந்தாவில் பெரிய டாக்டர் பேசியதையும், நாங்கள் கைவிட்டுவிடக் கூடாது என்று பட்டதையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. சிரிப்பாரோ அழுவாரோ என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை, கோபப்பட்டார்.

"எனக்குக் கட்சியே இல்லைங்க அய்யா! துளை மோசம்னு தெரிஞ்சாலும் எனக்கு அது வேணும். நாளைக்கு இதே கட்டியோட ஒருத்தர் வந்து நிப்பாரு. அவருக்கு எதைச் செய்யணும்னு எனக்குத் தெரியணும். பொய்யை வச்சுக்கிட்டு நான் அவர் வயித்துல கை வைக்கவா?" எழுந்தவர், போகிற போக்கில் நின்றார். "முப்பது வருஷம் கள்ள ஓட்டுப் புடிச்சேன்னு வார்டு பூரா சொன்னீங்களாமே. இது என்னங்க அய்யா?"

தாயே! என் பூத்தில் ஒருவன் செத்துப்போன அவனுடைய சித்தப்பா பெயரில் ஓட்டுப்போட வந்தபோது, ஊர்க்காரன் என்றும் பார்க்காமல் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். அந்தக் கையால்தான் இத்தனை நாளும் அட்டையில் எழுதியிருக்கிறேன். மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

வலி: 4.

ஆராய்ச்சியைக் கண்காணிக்க வெளி டாக்டர்கள் கொண்ட ஒரு குழு இருக்கிறது. எனக்குக் கசிந்ததையும், நான் எண்ணை மாற்றிச் சொன்னதையும், மற்றவர்களைச் சொல்ல வைத்ததையும் டாக்டரம்மா அவர்களிடம் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை கூடுகிறார்கள். ஆராய்ச்சியை நிறுத்தினாலும் நிறுத்தலாமாம்.

"நடந்ததைச் சொல்லாம விட முடியாதாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். புத்தி எங்கே போகும்! டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் விலாக் குழாயே தேவலை என்று ஆயிற்று.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வாத்தியாருக்கும் பாத்திரக்கடை அம்மாவுக்கும் போன் செய்தேன். "நான் சொன்னதை மறந்துருங்க. நெசம்மா எவ்வளவு வலிச்சுச்சோ அதை டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன். வாத்தியார், "நான் அன்னைக்கே நெசத்தைத்தான் எழுதினேன். ஒங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல" என்றார். முதல்முறையாக என் பிரச்சாரம் பலிக்காமல் போனதற்குச் சந்தோஷப்பட்டேன்.

மார்ச் 25, திங்கள்

வலி: 3.

காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டு எண்ணும் நாளில்கூட இப்படிப் படபடத்ததில்லை. ராஜாத்தி, "கஞ்சியைக் குடிங்க, கதவைப் பாத்தா ரிசல்ட்டு வந்துருமா?" என்றாள்.

நாலு மணி சுமாருக்கு டாக்டரம்மா வந்தார். ஆராய்ச்சி தொடரலாம். நானும் பாத்திரக்கடை அம்மாவும் முன்னால் சொன்ன எண்கள் கணக்கில் சேராது, செல்லாத ஓட்டு. எனக்கு வந்த கசிவு துளைப் பக்கத்தில் ஒரு பாதகமாகப் பதிவாகும். இனிமேல் எண்ணைக் கேட்பது மட்டும் போதாது, வீட்டில் கூட இருப்பவரிடமும் தனியாகப் பேச வேண்டும் என்று குழு சொல்லியிருக்கிறது.

"அதாவது பூத்துக்கு ஒரு ஏஜெண்டு" என்றேன்.

டாக்டரம்மா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ராஜாத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 18, வியாழன்

வலி: 1. நிஜமான ஒன்று.

இன்று ஓட்டு. முப்பது வருடத்தில் முதல்முறையாகப் பூத்துக்குள் உட்காராமல் வரிசையில் நின்றேன். நாற்காலி கொடுத்தார்கள். என் இடத்தில் இருந்த பையன், என்னை நன்றாகத் தெரிந்தும், வாக்காளர் அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். உடம்பு இளைத்துவிட்டதால் சந்தேகமாம். கோபம் வரவில்லை. "நல்லாப் பாருப்பா" என்றேன்.

மத்தியானம் குழைந்த சோறும் அயிரை மீன் குழம்பும். டாக்டரம்மா அனுமதித்த அளவுதான். முழுசாக இறங்கியது. மிளகைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஐந்து வருடம் கழித்து, மார்ச் 12, செவ்வாய்

அந்தப் பழைய டைரியை ராஜாத்தி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள். கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. இன்றைக்கு நடந்ததை இதில் எழுதுவதுதான் முறை.

ஆராய்ச்சியில் இருந்த எங்களை எல்லாம் டாக்டரம்மா மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார். ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஸ்கேன் எடுக்க நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறவிட ராஜாத்தி விட்டால்தானே. ஸ்டீபன் வந்திருந்தான். தொப்பை போட்டுவிட்டான். சட்டையைத் தூக்கி நெடுக இருந்த தழும்பைக் காட்டி, "அண்ணாச்சி, நம்ம சின்னம்" என்றான். வராந்தாவில் பேசிய பெரிய டாக்டரும் முன் வரிசையில் இருந்தார்.

திரையில் முடிவைப் போட்டார்கள். டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொன்னார். கட்டி திரும்ப வந்ததில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், பெரிய வித்தியாசம் இல்லை. துளை போட்டவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்திருக்கிறார்கள், சீக்கிரம் சாப்பிட்டிருக்கிறார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வலியும் குறைவு. அந்த இடத்துக் கட்டிக்குப் பழகின கை இருந்தால் துளையே போதும். பெரிய டாக்டர் எழுந்து, "நான் நடக்காதுன்னு நெனச்சேன். தப்பு" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். பெரிய மனுஷன்.

திரையில் வலிக் கணக்கு புள்ளி புள்ளியாக இருந்தது. துளைப் பக்கம் எல்லாப் புள்ளிகளும் கீழே மந்தையாக நின்றன. ஒன்று மட்டும் தனியாக, உச்சியில், ஒன்பதுக்கு நேராக இருந்தது. பெயர் போடவில்லை. ராஜாத்தி என் தொடையைக் கிள்ளினாள்.

என் ஒன்பதையும் சேர்த்து எண்ணித்தான் ஜெயித்திருக்கிறோம். என் கசிவையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஜெயித்திருக்கிறோம். எத்தனையோ தேர்தல் பார்த்தவன் நான். ஜெயித்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறேன், வேட்டு வெடித்திருக்கிறேன். இப்படி ஒரு வெற்றியைப் பார்த்ததில்லை. கட்சியே இல்லை என்று டாக்டரம்மா சொன்னது நினைவிருந்தும் எழுந்து நின்று கை தட்டினேன். ஸ்டீபன் என்னைவிடப் பலமாகத் தட்டினான். தோற்ற கட்சிக்காரன் இப்படித் தட்டி நான் கண்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் கறிதோசை சாப்பிடப் போகும் அவசரம் எங்களுக்கு. டாக்டரம்மா கையில் பேனாவோடு வழிமறித்தார்.

"அஞ்சு வருஷக் கடைசிப் பதிவு பாக்கி இருக்கு அய்யா. வலி எவ்வளவு?"

"பூஜ்யம்."

பேனா நகரவில்லை. டாக்டரம்மா என்னைத் தாண்டி ராஜாத்தியைப் பார்த்தார். ராஜாத்தி என் எதிரே வந்து நின்று, நெற்றியிலிருந்து வயிறு வரைக்கும் அவசரமில்லாமல் பார்த்தாள். வயிற்றில் ஒரு குத்துக் குத்தினாள். நான் சிரித்தேன்.

"நல்ல ஓட்டுதான்ம்மா" என்றாள். "எழுதிக்கோங்க."